யானைக்குப் போட்ட லைட்

தலை நிமிர்ந்து நிற்கும் நெற்கதிரைப் பார்த்து யாராவது கவலைப்படுவார்களா? போன ஞாயிற்றுக்கிழமை நான் கவலைப்பட்டேன்.

என் பெரியம்மாவின் மகள் வசந்தி அக்கா வவுணதீவுப் பக்கம் குத்தகைக்கு வயல் செய்கிறார். வருஷச் சாப்பாட்டு அரிசி, அடுத்த போகத்து விதைநெல் — இரண்டுக்கும் அந்த வயல்தான். பயிர் கதிர் தள்ளுவதற்கு முன்பே யானைகள் வயல் வட்டைக்குள் இறங்கின. பக்கத்துக் காணியில் ஒரு மூலை அப்படியே போனது.

அக்காவின் கணவர், எங்கள் அத்தான், சும்மா இருப்பாரா? டவுனுக்குப் போய் ஒரு சோலார் லைட் வாங்கி வந்தார். பால் வெள்ளை வெளிச்சம். வரம்பில் கம்பு நட்டுக் கட்டினார். யானை அந்தப் பக்கம் வரவில்லை. ஊரே புகழ்ந்தது. மின்னியல் படித்த நானும் போனில் பாராட்டினேன் — லைட் நல்லது, பேட்டரி நல்லது, கட்டிய உயரமும் சரி.

வந்தது வேறொன்று. வைக்கோல் நிறத்தில், விரல் நகமளவு அந்துப்பூச்சி. வெளிச்சத்துக்கு வந்தது கீழே இருந்த பயிரிலேயே முட்டையிட்டது. புழு தண்டைத் துளைத்து உள்ளே போய்விட்டது. வெளியே பார்த்தால் எல்லாம் பச்சை...

கதிர் வந்த பிறகுதான் தெரிந்தது. நெல் பிடித்த கதிர் வளையும். இவை வெள்ளையாய், விறைப்பாய் நின்றன. கம்பைச் சுற்றித்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை நேரில் போன நான் ஒன்றை இழுத்தேன். லேசாகக் கையோடு வந்தது. அத்தனையும் பதர்.

இனி மருந்து அடித்தும் பயனில்லை. அத்தான் லைட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“யானைக்கு லைட் போட்டம். பூச்சி கலியாண வீடெண்டு நினைச்சிட்டுது” என்றார் அக்கா.

அத்தான் சிரிக்கவில்லை. அக்கா என் பக்கம் திரும்பினார்.

“நீ படிச்சனீதானே புள்ள. யானையும் வராம, பூச்சியும் வராம ஒரு லைட் இரிக்கா?”

மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவாக வரும் என்றேன். அதற்கு யானை பயப்படுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

“அப்ப யானைக்கிட்டக் கேட்டுச் சொல்லு.”

ஒரு பிரச்சினைக்கு வழி கிடைத்ததும் கைதட்டிவிடுகிறோம். இந்த வெளிச்சம் வேறு யார் கண்ணில் படும் என்று எங்களில் ஒருவராவது கேட்டிருக்கலாம்.

மிச்சக் கதிர்களையாவது வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமே... அறுவடை வரை அக்காவும் அத்தானும் முறை வைத்து, யானை வெடியோடு காவல் இருக்கிறார்கள்.

இருட்டில்.