தட்டில் மிஞ்சிய முனைகள்

மிச்சிகன் கல்லூரியில், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து அணிக்குச் சமைத்த லவ்டே பாஸ்கோ யாரையும் லேசில் நம்பமாட்டாள். 1907இல் புதிதாகச் சேர்ந்த ராஸ் பந்தை அணைத்தபடி நாலு பேரை முட்டித் தள்ளுவான். ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான்.

ஒருநாள் அவன் தாமதமாக வந்ததால், தனக்கென்று சுட்டிருந்த இறைச்சி அடைத்த ரொட்டியைக் கொடுத்தாள். ஒரு முனையைப் பிடித்துத் தின்றவன், பிடித்த அந்த முனையை மட்டும் தின்னாமல் தட்டில் போட்டான். செம்புச் சுரங்கத்தில் வேலை செய்த அவள் கணவனும் அப்படித்தான். சுரங்கத்தில் கை முழுக்க விஷமண் இருக்குமே, கைபட்ட முனையை எப்படித் தின்பது!

நேரே பயிற்சியாளர் ஹார்க்கரிடம் போனாள்.

"ஐயா, இவன் படிக்க வந்த பையனே இல்ல, பேரும் பொய். சுரங்கத்துலேர்ந்து பிடிச்சுட்டு வந்திருக்கீங்க!"

"ஜெயிச்சுக்கிட்டுதானேம்மா இருக்கோம்? போய் அடுப்பைப் பாரு."

அந்த ஆட்டப் பருவத்தில் அணி ஓர் ஆட்டமும் தோற்கவில்லை. வெற்றி விருந்துக்கு லவ்டே வேண்டுமென்றே அதே ரொட்டியைச் சுட்டாள். பிறகு தட்டுகளை எடுக்கப் போனாள். களமிறங்கி ஆடிய அத்தனை பேர் தட்டிலும் முனை கிடந்தது. ஒரே ஒரு தட்டு வழித்துத் தின்றதுபோல் சுத்தமாக இருந்தது. அது, பருவம் முழுக்க ஆடவிடாமல் பெஞ்சில் உட்காரவைக்கப்பட்ட மாணவனுடையது.