கழற்றாத வாய்க்கூடு

எண்பதுகளின் தொடக்கத்தில், நாங்கள் நற்பிட்டிமுனையில் குடியிருந்தபோது நடந்தது இது. சிறுபோக நெல் வெட்டு நேரம். வெயில் என்றால் அப்படியொரு வெயில், கிணற்றில் வாளி போட்டால் அடியில் போய்த் தட்டும்.

எங்கள் வீட்டு வளவில் நாலைந்து ஆடுகள் நின்றன. அதில் ஒன்று குட்டி போட்டு மூன்று மாதம். ஒற்றைக் கிடாக்குட்டி. மகளுக்கு அப்போது ஐந்து வயது. நெடுநாள் காய்ச்சலில் கிடந்து எழும்பியவள், விலா எலும்பை எண்ணலாம். ஆட்டுப்பால் கொடுக்கச் சொல்லியிருந்தார் மருந்து கொடுத்த பரிசாரி. குட்டி குடித்த மிச்சம் அரைக் கோப்பைகூடத் தேறாது. அதனால் குட்டிக்குப் பால் மறக்கடிக்க வேண்டும் என்றார் என் கணவர். இன்னும் ஒரு மாதம் குடிக்கட்டும், அதுவும் சின்னதுதானே என்றேன் நான்.

"உனக்குப் புள்ளய விட ஆட்டுக்குட்டி பெரிசாப் போச்சா?" என்று கேட்டுவிட்டார்.

பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா அது? எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன், வாயை மூடிக்கொள்வேன். கத்துவதைவிடக் கெட்ட குணம் அது என்று அப்போது தெரியாது. மூன்று நாள் நாங்கள் கதைக்கவில்லை. மகள்தான் நடுவில் தூது. "வாப்பாவச் சாப்பிட வரச் சொல்லு", "உம்மாக்கிட்ட உடுக்கிற சாரம் எங்க எண்டு கேளு" என்று அவளை அங்குமிங்கும் ஓடவைத்தோம். அவளுக்கு அது விளையாட்டு.

பால் மறக்கடிக்க எங்கள் பக்கம் ஈர்க்கால் பின்னிய சின்ன வாய்க்கூடு ஒன்றைக் குட்டிக்கு மாட்டிவிட்டு, தாயின் கண்ணில் படாத இடத்தில் கட்டுவோம். கூடு கிடந்தால் குட்டியால் பால் குடிக்க முடியாது. ஆனால் இலை தழையும் தின்ன முடியாது, தண்ணீரும் குடிக்க முடியாது, வாய் திறந்து கத்தவும் முடியாது. அதனால் மத்தியானமும் பின்னேரமும் யாராவது மறக்காமல் கழற்றிவிட வேண்டும்.

மூன்றாம் நாள் காலை அவர் வெட்டுக்காக வயல் வட்டைக்குப் புறப்பட்டார். இரவு அங்கே வாடிக் குடிலில் தங்கிவிட்டு மறுநாள்தான் வருவார். நான் கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தேன். அவர் போனதும் மகள் ஓடிவந்தாள்.

"உம்மா, வாப்பா சொன்ன..."

"வாப்பாட கதையொண்டும் எனக்கு வேணாம். போய் விளையாடு."

கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

கொட்டிலைப் பார்த்தால் குட்டி இல்லை. என்னை வெல்வதற்காகத் தன் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார் என்று நானாகவே முடிவுகட்டினேன். தாயாடு பின்வேலியைப் பார்த்துக் கத்திக்கொண்டே நின்றது. வைத்த குழையைத் தொடவில்லை. "கத்து, கத்து, உன்ட புள்ளயக் கொண்டுபோனவரப் போய்க் கேளு" என்று அதையும் ஏசினேன். பின்னேரம் மகளுக்குச் சோறு தீத்தும்போது, "குட்டிக்குத் தண்ணி..." என்று தொடங்கினாள். "கதைக்காமத் தின்னு புள்ள" என்று அடுத்த கவளத்தை வாயில் வைத்தேன்.

மறுநாள் மத்தியானத்துக்குள் ஆட்டின் தொண்டை கட்டிப்போய்விட்டது. வாயைத் திறக்கும், சத்தம் வராது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் வந்தார். வாசலில் நின்றபடியே கொட்டிலைப் பார்த்தார். மூன்று நாளுக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு, "கூட்டக் கழட்டல்லயா?" என்பதுதான்.

"எந்தக் கூடு?" என்றேன்.

அவர் பின்வேலிக்கு ஓடினார். பின்னால் ஆளில்லாத வளவில் முருங்கை மரத்தடியில் குட்டி சுருண்டு கிடந்தது. காலையில் மட்டும் நிழல் விழுகிற இடம். கயிறு மரத்தில் சுற்றிச் சுற்றி முழநீளமாகியிருந்தது. வாயில் கூடு அப்படியே இருந்தது.

தூக்கிவந்து, கூட்டைக் கழற்றிச் சாக்கில் கிடத்தினார். கையில் தண்ணீர் எடுத்து வாயில் விட்டேன். உள்ளே இறங்கவில்லை, கடைவாயால் வழிந்தது. பக்கத்து வீட்டு மனிசி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "உசிர் போறதுக்குள்ள அறுத்திடுங்க தம்பி, வீணாப் போயிடும்" என்றார். சரியான பேச்சுத்தான். அறுக்காமல் செத்தால் யாரும் தின்ன முடியாது. ஆனால் அவர் கத்தி எடுக்கப் போகவில்லை. நானும் எழும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அது கால்களை நீட்டிவிட்டது.

"நான் சொன்னத உம்மாக்கிட்டச் சொல்லல்லயா மகள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சொல்ல வந்த வாப்பா. உம்மா வேணாமெண்டு சொன்ன."

அவர் என்னைப் பார்த்தார். நாலு வார்த்தை ஏசியிருந்தால் நான் அழுது ஆறியிருப்பேன்.

மறுநாள் காலையில் மடி கல்லாக இறுகிப்போய் நின்றது ஆடு. கறந்தேன். கோப்பை நிரம்பி வழிந்தது. காய்ச்சிச் சீனி போட்டு மகளிடம் நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அது குட்டிட பால்" என்றாள். அன்றைக்கும் குடிக்கவில்லை, அதற்குப் பிறகும் குடிக்கவில்லை. கடைசியில் அந்த ஆட்டைப் பால் தேவைப்பட்ட ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

மகளுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். இன்றைக்கும் எதைச் சொல்ல வந்தாலும் கதவடியில் நின்று, "உம்மா, ஒண்டு சொல்லட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவாள். பார்க்கிறவர்கள், என்ன மரியாதையான பிள்ளை, நல்லா வளர்த்திருக்கிறீங்க என்பார்கள். அது நான் அவள் வாயில் மாட்டிய கூடு என்பது எனக்கும் அவளுடைய வாப்பாவுக்கும்தான் தெரியும். கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு "சொல்லு மகள்" என்கிறேன், இத்தனை வருடமாகியும் அதைக் கழற்ற முடியவில்லை.