ஊருக்கே ஒரு கணக்கு

2004ஆம் ஆண்டு. சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம். வவுனியா நகரில் ஓர் இன்டர்நெட் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். முள்ளியவளையிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் எங்கள் கடைக்கும் ஒருதரம் வந்துவிட்டுத்தான் போவார்கள். வெளிநாடுகளில் இருந்த அந்த ஊர்ப் பிள்ளைகள் சிலர், சம்பளம் எதுவுமில்லாமல் இணையத்தில் ஒரு கருத்துக்களம் நடத்தினார்கள். கடைக்கு வருகிறவர்கள் சொல்லச் சொல்ல நான் அதில் எழுதுவேன். கோயில் திருவிழா, மாடு கன்று போட்டது, மருமகள் மீது மனக்குறை எல்லாமே என் ஒரே கணக்கில் போகும்.

ஒருநாள் களத்தை நடத்தும் பெண்ணிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பொய்ப்பெயரில் வந்து சிறுவர்களை ஏமாற்றுகிறவர்களைத் தடுக்க அவர் இருந்த நாட்டில் விதிகளை இறுக்கிவிட்டார்களாம். களத்தில் யார் என்ன எழுதினாலும் அவர்தான் பொறுப்பு. என் கணக்கிலோ காலையில் ஒரு கிழவர் பேசுகிறார், மத்தியானம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பேசுகிறது. யாரோ முறைப்பாடு செய்துவிட்டார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த அந்த ஆண்டி யாரென்று இன்றுவரை தெரியாது. ஆட்களை உறுதிப்படுத்தாவிட்டால் கணக்கை மூடத்தான் வேண்டும் என்று எழுதியிருந்தார்.

எனக்கு ஓர் அம்மாவை நினைத்துத்தான் பெரிய கவலை. அவருடைய மகன் வெளிநாட்டில் அகதி முகாம் மாறி முகாம் அலைந்துகொண்டிருந்தான். நிலையான தொலைபேசி கிடையாது. அம்மா சொல்லி நான் எழுதும் நாலு வரியைக் களத்தில் தேடிப் படிப்பான். அதையும் மூடிவிட்டால் அவன் எங்கே போய்த் தேடுவான்?

நிலைமையை விளக்கி எழுதினேன். அந்தப் பெண்ணுக்கு நல்ல மனது. ஞாயிற்றுக்கிழமை தானே கடைக்குத் தொலைபேசி எடுத்து ஒவ்வொருவரோடும் பேசி, தனித்தனிக் கணக்குத் திறந்து தருவதாகச் சொன்னார். அன்றைக்குக் கடை நிறைந்துவிட்டது. தொலைபேசி மணி அடித்ததும் முதலில் அந்த அம்மாவிடம் கொடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரைப் போட்டேன்.

"உங்கட பேரைச் சொல்லுங்கோ அம்மா," என்றார் அந்தப் பெண்.

"அது கிடக்கட்டும். நீர் ஆற்றை பிள்ளை?"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். விசாரிக்க வந்தவரையே யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கிறாரே. அந்தப் பெண் சற்றுத் தயங்கி, குளத்தடியில் இருந்த தையல்காரரின் மகள் என்றார்.

"அட, மூண்டு வயசில ஊரைவிட்டு வெளிக்கிட்ட பிள்ளையெல்லே நீ. கொம்மாவுக்குக் காய்ச்சல் வந்த நேரம் நான்தான் உன்னை இடுப்பில வைச்சுக்கொண்டு திரிஞ்சனான்."

அந்தப் பெண் விம்மிக்கொண்டே, "நான் சின்னனா இருக்கேக்கையே அம்மா செத்துப்போனா. அப்பாவைத் தவிர அவாவைத் தெரிஞ்ச ஒருத்தரோடயும் நான் கதைச்சதில்லை," என்றார்.

"அழாதை பிள்ளை. கேள், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்."

அம்மா சொல்லிக்கொண்டே போனார். வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

அன்றே எல்லோருக்கும் கணக்குகள் கிடைத்தன. கடவுச்சொல்லை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று நான் படித்துப் படித்துச் சொல்ல, அம்மா மகனின் செல்லப் பெயரைக் கடை முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு, "நீயே ஞாபகம் வைச்சிரு தம்பி," என்றார். அடுத்த முறை அவர் வந்தபோது மகனின் பதில் காத்திருந்தது.

இப்போதும் எந்தத் தளத்திலாவது 'நீங்கள் யாரென்று உறுதிப்படுத்துங்கள்' என்று வந்தால் எனக்கு எரிச்சல் வருவதில்லை. எங்களை யாரென்று அறிய வந்து, தன் தாயை அறிந்துகொண்டு போன அந்தப் பெண்ணின் குரல்தான் காதில் கேட்கிறது.