முறுக்குக் கடையில் நான் ஒட்டிய அட்டை

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. பிரிக்பீல்ட்ஸ் பண்டிகைச் சந்தையில் கூடாரக் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அதில் ஒரு மேசை எங்களுடையது.

எங்களுடையது என்றால், இரண்டு தொண்டு அமைப்புகள் சேர்ந்து போட்ட முறுக்குக் கடை. ஒன்று கிள்ளானில், மனநோய்க்காக ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வருகிறவர்களைத் தங்க வைத்து, மறுபடி வேலைக்குப் பழக்கும் இல்லம். இன்னொன்று, பிரிக்பீல்ட்ஸில் தெருவோரம் படுப்பவர்களுக்குச் சாப்பாடு போடும் குழு. நான் கிள்ளான் இல்லத்துக்காரன். லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன். காதில் யாரோ பேசுவது போலக் கேட்கத் தொடங்கியதும் வேலையை விட்டவன். முறுக்கு பிழியக் கற்றுக்கொண்டது அந்த இல்லத்தில்தான். மாத்திரையால் கை லேசாக நடுங்கும். அதனால் என் முறுக்கு ஒன்றுகூட வட்டமாக வராது.

கடை போடும்போதே பிரிக்பீல்ட்ஸ் குழுவின் தலைவி, எங்கள் எல்லாருக்கும் அக்கா, என்னைத் தனியே கூப்பிட்டார். "யாராச்சும் கேட்டா வாலண்டியருங்க சுட்டதுன்னு சொல்லுங்க தம்பி. பண்டிகை நேரம், சனங்க ஒரு மாதிரி நினைப்பாங்க லா." நல்ல மனுஷிதான். செருப்புத் தேய அலைந்து எங்களுக்காக அந்த இடத்தை வாங்கியவர். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் ஓர் ஆன்டி வந்தார். எங்கள் பக்கம் பலகாரத்தை ருசி பார்க்காமல் யாரும் வாங்க மாட்டார்கள். ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தேன்.

"கோணலா இருந்தாலும் வாயில போட்டா கரையுது! யாரு சுட்டது?"

சொல்லிக்கொடுத்த பதில் நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் எண்ணெய்ச் சட்டி முன்னால் வெந்தவன் நான், பெயர் மட்டும் வேறு யாருக்கோ போகணுமா? "நான்தான் ஆன்டி. மனநோய் வந்து ஆஸ்பத்திரியில இருந்தேன். இப்போ தேறிட்டேன்."

எடுத்த பாக்கெட்டை அப்படியே வைத்துவிட்டார். "ஐயோ, இதெல்லாம் முன்னாடியே போர்டு போட்டு வெக்க மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே போனார்.

அந்தத் துடைப்பில் எனக்குச் சுள்ளென்று ஏறியது. போர்டுதானே வேணும்? இதோ! எண்ணெய் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துப் பெரிதாக எழுதி, மேசை முன்னால் ஒரு முனையை ஒட்டினேன்: 'இந்த முறுக்கைச் சுட்டவர்கள் மனநோயிலிருந்து மீண்டவர்கள். நானும் அவர்களில் ஒருவன். ருசி பாருங்கள்.'

அக்கா பதறிப்போனார். "கழட்டுங்க தம்பி, ஒண்ணுகூட ஓடாது!" எங்கள் இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் குறுக்கே வந்தார். "அவரு கதைய அவரு சொல்றாரு. மறைக்க நாம யாரு?" இரண்டு பேரும் கடை முன்னாலேயே முறைத்துக்கொண்டார்கள். நான் அக்காவைப் பார்த்து, "குணமாகி வந்தது ஒளிஞ்சிக்கிறதுக்கா அக்கா?" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. டேப்பை எடுத்து, அட்டையின் மறுமுனையை அவரே ஒட்டினார்.

அக்கா பயந்தது சரிதான். வியாபாரம் படுத்துவிட்டது. பலர் படித்துவிட்டு விலகிப் போனார்கள். நானும் விடவில்லை. போகிறவர்களின் முகத்தைப் பார்த்தே, "வாங்க, ருசி பாருங்க!" என்று தொண்டை கிழியக் கூவினேன்.

சாயங்காலம், எதிர்க்கடையில் துணி விற்றுக்கொண்டிருந்த பாய் இந்தப் பக்கம் வந்தார். நாள் முழுக்க அவர் கண்ணுக்கு நேரே இருந்தது எங்கள் அட்டை. குனிந்து, முறுக்கைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அண்ணே, நெசமாவே தேறி வர முடியுமா? என் தம்பி ரூம விட்டு வெளிய வர்றதில்ல. நாங்க யார்கிட்டயும் சொல்லல."

"முடியும் பாய். சத்தமாவே கேளுங்க" என்றேன்.

அந்தத் தம்பி இப்போது இல்லத்தில் என் பக்கத்தில் நின்று முறுக்கு பிழிகிறார். அவருடையது மட்டும் அழகாக வட்டமாக வருகிறது, எனக்கு வயிற்றெரிச்சல்!

அன்றைக்குப் பாதி முறுக்கு மீந்துபோனது உண்மைதான். ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் அதே எண்ணெய்க்கறை அட்டையைத்தான் ஒட்டுகிறேன், யார் கையைத் துடைத்துக்கொண்டு போனாலும் கழற்ற மாட்டேன், ஏனென்றால் கேட்க வாய் வராமல் எதிர்ப்பக்கம் யாரோ ஒருவர் அதைப் படித்துக்கொண்டு நிற்பார் என்று எனக்குத் தெரியும்.