தோலின் மேல் வைத்த கை

என் தம்பிக்குச் சோறு போட்டது அவனுடைய வலது கால். எனக்கும் அப்படித்தான், நான் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். இரண்டு பேரிடமும் ஜனங்கள் டிக்கெட் எடுத்துத்தான் வருகிறார்கள். ஆனால் நான் பிரேக் போட்டதற்கு இதுவரை யாரும் கைதட்டியதில்லை. திட்டியிருக்கிறார்கள்.

அவன் ஒரு ராக் குழுவில் டிரம்மர். நாலு பேர் கொண்ட குழு, இருபத்திரண்டு வருஷமாக அதே நாலு பேர். அங்கே அவனுக்கு இடி என்று பெயர். வீட்டில் அவனைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பார்கள். எங்கள் மாடி அறையில்தான் இருக்கிறான். கல்யாணம் என்று பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவான். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "உன் தம்பிகிட்ட பேசறதுக்கு லிஃப்ட் கதவுகிட்ட பேசலாம், அதுவாவது திறக்கும்" என்பார்.

டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் அவன் வேறு ஆள். நடுவில் தரையோடு ஒரு பெரிய டிரம் இருக்கிறதே, அதன் முகம் ஜனங்களைப் பார்த்திருக்கும். பின்பக்கம் பெடல். மிதித்தால் ஒரு சின்னச் சுத்தியல் போய்த் தோலில் அடிக்கும். என் தம்பி மிதித்தால் அந்த அடி கடைசி வரிசைக்காரன் நெஞ்சில் போய் விழும். அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, நான் எதையும் முகத்துக்கு நேராகச் சொல்கிற ரகம்.

பாடுகிறவனை நான் நெட்டை என்பேன். பள்ளிக்கூடத்திலிருந்தே தம்பியின் கூட்டாளி. எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் பாதி அவன் வயிற்றுக்குத்தான் போனது. இவர்களுடைய முதல் நிகழ்ச்சியில், பாடுகிறவனுக்குத் தாளம் கேட்பதற்காக மேடையில் வைத்திருந்த ஸ்பீக்கர் செத்துப்போய்விட்டது. நெட்டை கதிகலங்கி, பெரிய டிரம்முக்கு முன்னால் மண்டியிட்டு, தோலில் உள்ளங்கையை வைத்து, அடியைக் கையால் வாங்கிக்கொண்டே பாடினான். அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. எந்த மேடையானாலும் முதல் பாட்டில் வாய் திறப்பதற்கு முன் வந்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல அந்தத் தோலில் கையை வைப்பான். அவர்களுக்கு அது ஒரு ராசி. நான் எத்தனையோ தடவை பார்த்துக் கிண்டலடித்திருக்கிறேன்.

போன வருஷம் ஐந்தாவது ஆல்பம் எடுத்தார்கள். அதில் மூன்றாவது பாட்டு பெரிய டிரம்மோடு மட்டும் தொடங்கும். நாற்பது விநாடி, படுவேகம், வேறு எந்த ஓசையும் கிடையாது. கால் மட்டும்தான். அதைப் பதிவுசெய்ய உட்கார்ந்த அன்றுதான் சனியன் பிடித்தது. நாலு அடி சுத்தமாக விழுந்தது. ஐந்தாவதில் கால்விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு, குதிகால் தூக்கி, கணுக்கால் திரும்பிக்கொண்டது. வலி இல்லை. சொன்னதைச் செய்யவில்லை, அவ்வளவுதான். மூன்று நாள் முயன்றான். மூன்றாம் நாள் மற்றவர்கள் கிளம்பிப் போன பிறகு, ஒலிப்பதிவாளர் தன்னிடம் நல்ல அடியாகப் பன்னிரண்டு இருக்கிறது, போதும் என்றார். அந்தப் பன்னிரண்டையே கணினியில் திரும்பத் திரும்ப ஒட்டி நாற்பது விநாடிக்கு இழுத்துவிட்டார். விஷயம் அவர்கள் இருவருக்குள் நின்றது; இவனே வாசித்து முடித்துவிட்டதாக மற்றவர்கள் நம்பினார்கள். அடுத்த வாரம் கால் சரியாகிவிடும் என்று இவன் நினைத்தான்.

தலையெழுத்தைப் பாருங்கள், ஆல்பத்தில் பன்னிரண்டு பாட்டு இருக்க, அந்த ஒரு பாட்டுதான் ஊரெல்லாம் பரவியது. கடல் தாண்டியும் போனது. எங்கெங்கோ இருக்கிற பையன்களும் பெண்களும் மேஜையைக் காலால் உதைத்து அந்த நாற்பது விநாடியை வாசித்துப் படம்பிடித்துப் போட்டார்கள். வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஆறு நாடு, பத்து வாரம், இருபத்துமூன்று நிகழ்ச்சி. ஒவ்வொன்றையும் அந்தப் பாட்டில்தான் தொடங்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். என் தம்பி பாஸ்போர்ட்டை இரண்டு தடவை புதுப்பித்தவன். அதில் ஒரு முத்திரைகூட விழுந்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவன் வாய்விட்டுக் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தது இந்த ஒன்றைத்தான்.

நெட்டை சும்மா இருந்தானா? பேட்டி கொடுக்கும் இடமெல்லாம், எங்கள் ஆல்பத்தில் இயந்திர வேலை ஒரு துளி கிடையாது, அது எங்கள் இடியின் கால் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். மனதார நம்பிச் சொன்னான். அதைப் படிக்கும்போதெல்லாம் இவன் பத்திரிகையை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். அடக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

எனக்குத் தெரிந்தது கிளம்புவதற்கு ஆறு வாரம் இருக்கும்போது. காலை ஷிஃப்ட் முடித்துவந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். மேலே நாலு அடி. நின்றது. மறுபடி நாலு அடி. நின்றது. ஒரு மணி நேரம் இப்படியே. எரிச்சல் பொத்துக்கொண்டு வந்து, என்னதான் செய்கிறான் என்று மேலே போனேன். மர ஸ்கேல் ஒன்றைப் பாதத்துக்குக் கீழே வைத்து, துணிப்பட்டியால் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான், விரல் சுருளாமல் இருப்பதற்காக. என்னைப் பார்த்ததும் மறைக்கக்கூட இல்லை. இருபது வார்த்தைக்காரன் அன்றைக்கு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினான்.

எனக்கு முதலில் கோபம்தான். சோம்பேறித்தனம், மனப்பிராந்தி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மறுநாள் டிப்போவுக்கே இழுத்துப்போனேன். எஞ்சினை அணைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, இந்தப் பிரேக்கில் அந்த நாற்பது விநாடியை வாசித்துக் காட்டு என்றேன். வாசித்தான். முழுசாக. ஒரு அடி பிசகவில்லை. பிரேக் மிதி என்ன கனம் என்று எனக்குத் தெரியும். சந்தோஷத்தில் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். நேராக வீட்டுக்கு வந்து டிரம்மில் உட்கார்ந்தான். ஐந்தாவது அடியில் விரல் சுருண்டது. மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

நரம்பு மருத்துவர் அவனை நடக்கவைத்தார், ஓடவைத்தார், மாடிப்படி ஏறவைத்தார். எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு, காலில் ஒரு கோளாறும் இல்லை என்றார். ஒரே அசைவை லட்சக்கணக்கான தடவை செய்ததில், அந்த ஒரு வேலைக்கு மட்டும் மூளை உத்தரவைக் குழப்பி அனுப்புகிறது, அடிக்க அடிக்க இன்னும் குழப்பும் என்றார். பெடலைத் தொடாமல் குறைந்தது ஒரு வருஷம் இருந்து, பயிற்சி எடுத்தால் திரும்பலாம். வற்புறுத்தினால் திரும்பாமலே போகலாம். அவர் அதை அதட்டிக்கூடச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

இந்த இடத்தில் நான் அக்காவாக நடந்துகொண்டிருக்க வேண்டும். நெட்டையிடம் போய் உண்மையைச் சொல், இல்லை நான் சொல்கிறேன் என்று நின்றிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அந்தப் பாஸ்போர்ட்தான் கண்ணில் நின்றது. இவனை விட்டுவிட்டு வேறொருவனைக் கூட்டிக்கொண்டு அவர்கள் விமானம் ஏறுவதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. ஒலிப்பதிவாளரும் கூடவே வெளிநாடு போகிறார். அவர்தான் ஒரு யோசனை சொல்லியிருந்தார். அந்தப் பாட்டுக்கு மட்டும் ஆல்பத்தில் உள்ள அடியையே மேடையில் ஓடவிடலாம், இவன் காலைப் பெடலில் வைத்துக்கொண்டு இருந்தால் போதும், டிரம்மே காலை மறைத்துவிடும். மற்ற பாட்டெல்லாம் நிதானமானவை, எப்படியாவது சமாளிக்கலாம். இவன் ஒத்துக்கொள்ளாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"போயிட்டு வாடா," என்றேன். "யாருக்குத் தெரியப் போகுது?"

கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பு, ஒரு சின்ன அரங்கத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு முழு ஒத்திகை வைத்தார்கள். குடும்பத்தார், பத்திரிகைக்காரர்கள் என்று நூறு பேர் இருப்போம். எனக்கு ஓரத்து நாற்காலி கிடைத்தது. அங்கிருந்து டிரம்முக்குப் பின்னால் இவன் கால் தெரிந்தது. புது ஷூ. விளக்கு அணைந்து எரிந்ததும் அந்த அடி ஸ்பீக்கர்களில் கிளம்பியது. அரங்கமே அதிர்ந்தது. என் வீட்டுக்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். இவன் தலையை ஆட்டிக்கொண்டு, ஸ்டிக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தான். கால் மட்டும் பெடல் மேல் கல்லாகக் கிடந்தது.

அப்போது நெட்டை நடந்து வந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடிவரை எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துச் சிரித்த விஷயம். அவன் பெரிய டிரம்முக்கு முன்னால் மண்டியிட்டு, உள்ளங்கையைத் தோலில் வைத்தான்.

அவன் முகம் ஜனங்களுக்குத் தெரியாது, எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. முதலில் சிரிப்பு. பிறகு சிரிப்பு அப்படியே நின்றுபோனது. கையை எடுத்து வேறு இடத்தில் வைத்தான். மறுபடி இன்னொரு இடம். டிரம்முக்கு மேலாக என் தம்பியைப் பார்த்தான். இவனும் அவனைப் பார்த்தான். நாற்பது விநாடியும் கையை எடுக்கவில்லை. பிறகு எழுந்து மைக்குக்குப் போய் முழுப் பாட்டையும் பாடினான். நன்றாகவே பாடினான், பாவி. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடினேன். வயர்ச் சுருள்களுக்கும் விமானத்தில் போகவேண்டிய கறுப்புப் பெட்டிகளுக்கும் நடுவில் இரண்டு பேரும் நின்றார்கள். நெட்டை கத்துவான், சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெளியேருந்து லேசா நடுங்குச்சு. உள்ளேருந்து ஒண்ணுமே வரலை," என்றான். "எவ்வளவு நாளா?"

"ரெக்கார்டிங்லேருந்து," என்றான் தம்பி.

நெட்டை உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். எத்தனை பேட்டி கொடுத்தோம் என்று கணக்குப் போட்டிருப்பான். நான் குறுக்கே புகுந்து, டாக்டர் சொன்னதை, ஒரு வருஷம் ஓய்வு என்பதை, எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டான். என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டான், மரியாதை குறையவில்லை.

"டிக்கெட் வித்தாச்சுக்கா. போஸ்டர்ல அவன் காலைத்தான் போட்டிருக்காங்க," என்றான். பிறகு இவனைப் பார்க்காமல், "அப்படியே ஓடட்டும். நீ வந்து உட்காரு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வீட்டுக்கு வரும் வழியில் காரை நான்தான் ஓட்டினேன். தாங்க முடியாமல், அவன் கை வைப்பான் என்று உனக்குமா நினைவில்லை என்று கேட்டேன்.

"இருந்துச்சு," என்றான்.

"அப்புறம் ஏண்டா?"

"என் வாயால சொல்ல முடியலக்கா. அவன் கைக்குத் தெரிஞ்சா நிறுத்திடுவான்னு நினைச்சேன்."

நிறுத்திவிடுவான் என்றுதான் போயிருக்கிறான். கத்தி, திட்டி, வீட்டுக்குப் போடா என்று அனுப்பிவிடுவான் என்று. நான் செய்யாததை அவன் செய்வான் என்று நம்பியிருக்கிறான். எனக்கு ரோடு மங்கலாகத் தெரிந்தது, வண்டியை ஓரங்கட்டினேன். அவன் எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான்.

ஐந்தாம் நாள் கிளம்பினார்கள். பாஸ்போர்ட்டில் முதல் முத்திரையைப் படமெடுத்து அனுப்பினான். மூன்றாவது ஊரிலேயே நிதானமான பாட்டுகளுக்கும் கால் சுருள ஆரம்பித்ததாம். ஏழாவது ஊருக்குள் எல்லாப் பாட்டின் அடியும் ஒலிப்பதிவாளரின் கணினியிலிருந்துதான். கையால் அடிப்பதை மட்டும் இவன் வாசிக்கிறான். எழுதியிருந்தான், இவ்வளவுதான்.

போன வாரம் டிப்போவில் இரண்டு நடைகளுக்கு நடுவே இருந்த இடைவேளையில், ஒரு கண்டக்டர் பையன் தன் போனை நீட்டி, இது உங்கள் தம்பிதானே என்றான். ஏதோ ஒரு பெரிய மைதானம், ஒரே தலையாகத் தெரிந்தது. சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அந்த அடி ஆரம்பித்தது. கால்ல என்ன வேகம்மா என்று ஒரு டிரைவர் வாயைப் பிளந்தார். நான் நெட்டையைத் தேடினேன். பெரிய டிரம்முக்கு முன்னால் யாருமில்லை. மேடையின் அந்தக் கோடியில், டிரம்முக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றான். நாற்பது விநாடியும் திரும்பவே இல்லை.

மறுநாள் தம்பி கூப்பிட்டான். அங்கே என்ன நேரமோ, குரல் களைத்திருந்தது. வீடியோ பார்த்ததைச் சொன்னேன்.

"அவன் எங்கே நிக்கிறான்னு பார்த்தியா?" என்று கேட்டான்.

"பார்த்தேன்."

"தினமும் அங்கேதான்," என்றான். "நீ சொன்ன மாதிரியே யாருக்கும் தெரியலக்கா."

குத்தலாகச் சொல்லவில்லை. குத்திப் பேச அவனுக்கு என்றைக்கும் தெரியாது. இன்னும் எத்தனை நிகழ்ச்சி பாக்கி என்று கேட்டேன். பதினொன்று என்றான். சாப்பிட்டாயா என்று கேட்டேன். ம் என்றான். எனக்கு அடுத்த நடைக்கு நேரமாகிவிட்டதால் போனை வைத்தேன்.