முன்னால் துழாவிய கைகள்

கேமராவின் முக்காலியைக் கரைச் சேற்றில் ஊன்றி, அதன் கால்களைப் பூட்டினேன். அந்த 'டக்' சத்தம் முன்பே கேட்டதுதான். இதே பசியாவரம் ஏரிக்கரையில், என் எட்டு வயதில், யாரோ ஒரு வெளியூர்க்காரர் இப்படித்தான் முக்காலி ஊன்றினார்.

அம்மா பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்தபடி, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து இறால் தடவிக்கொண்டிருந்தாள். இறால் பின்பக்கமாகத்தான் துள்ளும். அதனால் ஒரு கை சேற்றைத் தடவ, மறு கை இறாலுக்குப் பின்னால் காத்திருக்கும். அவர் படம் எடுக்கத் தொடங்கியதும், அம்மா இரண்டு கைகளையும் முன்னால் விட்டுத் துழாவினாள். ஒன்றும் சிக்கவில்லை.

"ஏம்மா அப்டி பண்ண?" என்று பிறகு கேட்டேன்.

"இன்னா நெனப்புல வந்துகிறானோ! இன்னிக்கி கையப் பாப்பான், நாளிக்கி ஏரியக் கேப்பான்."

அக்காவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இப்போது நான் பொறியியல் கல்லூரியில், அசைவுகளை ஆராயும் கைனமேட்டிக்ஸ் துறைப் பேராசிரியை. இறால் தடவும் இயந்திரக் கை ஒன்றைச் செய்ய, இன்றும் இங்கே இறால் தடவும் அக்காவின் கையசைவு எனக்கு வேண்டும்.

"அந்தக் கை வந்துட்டா நாங்க இன்னாடி பண்றது?" என்றாள் அக்கா.

"சும்மா ஆராய்ச்சிக்குத்தான்கா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பறியைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

கேமராவை ஓடவிட்டேன். அக்கா இரண்டு கைகளையும் முன்னால் விட்டுத் துழாவினாள்.