மூடாத அல்லி

என் கணவர் விலங்கியல் பேராசிரியர். டாக்டர் பட்டம் வாங்கியது வயல் நத்தையை ஆராய்ந்து. அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றதும், நத்தைகள் விரும்பித் தின்கிற அல்லியை ஏன் வளர்க்க ஆரம்பித்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் கணக்கு டீச்சராக இருந்தவள். ஒரு கேள்விக்கு ஒரு விடை இருந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். இந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியதில் அந்தச் சுகம் கிடைத்ததே இல்லை.

தஞ்சாவூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடி முழுக்கச் சிமெண்டுத் தொட்டிகள். வடாம் காயப்போட ஒரு சாண் இடம் கிடையாது. வயல்காரர்கள் களை என்று பிடுங்கி வரப்பில் எறிகிற செடியை இவர் ஒன்றோடொன்று சேர்த்துப் புது இனமாக்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மகரந்தம் தடவுகிற பிரஷ்ஷும் கையுமாக நின்று எனக்கும் பாடம் எடுத்தார்.

“அல்லி மூணு நாள்தான் விரியும். மிஞ்சிப்போனா நாலு. முதல் நாள் அது பொம்பளை. மறுநாள்லேர்ந்து ஆம்பளை. அப்புறம் மூடிக்கிட்டுத் தண்ணிக்குள்ள போயிடும்.”

“அப்ப முதல் நாள் அந்த ஆம்பளை எங்க இருந்தான்?”

“அவதாம்மா அது.”

எனக்குத் தலை சுற்றியது. கீழே போய்க் குழம்பைக் கவனித்தேன்.

அவர் தொட்டிகளிலேயே விசேஷமானது தண்ணீர் டாங்குக்குப் பக்கத்தில் இருந்தது. அதிலிருந்த செடிக்குத் தாய், நீடாமங்கலத்தில் கிடைத்த ஒரு நீல அல்லி. நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று கடவுளுக்கே தெரியாது. திருவாரூர் போகிற வழியில் பஸ் அங்கே நின்றபோது, இவர் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்துக் குட்டைக்குள் போய்விட்டார். சொட்டச் சொட்ட ஒரு கிழங்கோடு வந்து ஏறியவரைத் தெரியாதவள் மாதிரி நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நீலத்தையும் வீட்டில் இருந்த செவ்வல்லியையும் சேர்த்ததில் பிறந்ததுதான் டாங்குப் பக்கத்துச் செடி. அது ஐப்பசி மழையில் முதல் மொட்டு விட்டது. என்ன நிறத்தில் பூக்கும் என்று அவருக்கே தெரியாது. வெளியே கிண்டல் செய்தாலும் எனக்கும் அதைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

அந்த மழையில் ஊரெங்கும் டெங்கு. கொசுப்புழு பார்க்கிற பெண்கள் வீடு வீடாக வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தால் இவர் தொட்டியில் விட்டிருக்கும் கப்பி மீன்களைக் காட்டி, அவை புழுவை எப்படித் தின்னும் என்று ஒரு பீரியட் எடுத்துவிடுவார். அதற்குப் பயந்தே அவர்கள் வாசலோடு போனார்கள். “சார் வீடுதானேக்கா. சாருக்குத் தெரியாததா?”

எனக்குத்தான் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. கண்ணைத் திறந்தால் ஃபேன் இரண்டாகத் தெரிந்தது. அந்த நிலையிலும் நான் கேட்டது, “ஏங்க, பூத்திருச்சா?”

“பூத்திருச்சும்மா.”

“என்ன கலரு?”

கொஞ்சம் யோசித்தார். “ஊதா. ஓரத்துல மட்டும் செவப்பு.”

மறுநாளும் கேட்டேன். விரிந்திருக்கிறது என்றார். அதற்கு மறுநாள் நடுவில் மஞ்சள் சேர்ந்தது. அதற்கும் மறுநாள் வாசனை வந்தது. அதன் பிறகும் நாளுக்கு நாள் பூ அழகாகிக்கொண்டே போனது. எனக்குள் ஏதோ இடறியது. மிஞ்சிப்போனால் நாலு நாளில் மூட வேண்டிய பூ எப்படி இத்தனை நாள் விரிகிறது? விரல் விட்டு எண்ணினேன், விரல்களே குழம்பின. நாற்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு நாள் எண்ணத் தெரியவில்லையே, மூளை போய்விட்டதோ என்று பயந்து அழுதேன். அவர் பப்பாளி இலைச் சாற்றைப் புகட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். எல்லாத் தொட்டிகளும் கவிழ்ந்து கிடந்தன. ஒரு இலைகூட இல்லை. அவர் பின்னாலேயே வந்து நின்றார்.

“உன்னைச் சேத்த அன்னிக்கே கொட்டிட்டேன். குஞ்சுச் செடியா இருந்தப்ப மீன் இலையைக் கடிக்குதுன்னு டாங்குப் பக்கத்துத் தொட்டியில மட்டும் மீனை எடுத்தேன். திரும்ப விட மறந்துட்டேன். லென்ஸ் வெச்சுப் பாத்தேன். ஏடிஸ் புழுதான், டெங்குக் கொசுவோடது, நெளியுது.” கவிழ்ந்து கிடந்த அந்தத் தொட்டியைக் காலால் தள்ளினார். “முப்பது வருஷமா இதைத்தான் கிளாஸ்ல நடத்தினேன்.”

“அப்ப பூ?”

“மொட்டாவே போயிடுச்சு.”

என்னைக் கடித்தது அந்தத் தொட்டிக் கொசுதானா? எதிர் வீட்டில் பழைய டயர் கிடக்கிறது, பின் தெருவில் தேங்காய்ச் சிரட்டைகளில் மழைத் தண்ணீர் நிற்கிறது. கொசு விலாசம் சொல்லிவிட்டா கடிக்கிறது? இப்படி அவரிடம் எத்தனையோ தடவை சொன்னேன். ஆமாம் என்பார், ஆனால் நம்ப மாட்டார். உண்மையில் எனக்கே தெரியாது. கோபப்படுவதா, பாவம் என்பதா? கொட்டியதற்குக் கோபமா, மறந்ததற்குக் கோபமா? வடாம் போட இப்போது மாடி முழுக்க இடம் இருந்தது. எனக்குப் போடப் பிடிக்கவில்லை. அவர் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அல்லி என்ற பேச்சை எடுத்தால் “இனிமே வேண்டாம்மா” என்று எழுந்து போவார். காய்ச்சலிலிருந்து நான் எழுந்துவிட்டேன், அவர் எழவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

பொங்கல் கழித்து, கூத்தாநல்லூரில் அவருடைய பழைய மாணவர் வீட்டு நிக்காஹ். காரில் போனோம். ஆயுளில் முதல் தடவையாக, நீடாமங்கலம் கேட் மூடியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மூடித்தான் இருந்தது. டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“எறங்குங்க,” என்றேன்.

“எதுக்கு?”

“ஆஸ்பத்திரியில தினமும் ஒரு பூ சொன்னீங்கல்ல. ஊதா, ஓரத்துல செவப்பு, நடுவுல மஞ்சள். அது எனக்கு வேணும்.”

“அப்படி ஒரு பூ வராதும்மா. நான் சும்மா சொன்னது.”

“வர வரைக்கும் சேத்துச் சேத்துப் போடுங்க. மீனை மட்டும் எடுக்காதீங்க.”

அவர் செருப்பைக் கழற்றிக் காரிலேயே போட்டுவிட்டு, நிக்காஹுக்காகக் கட்டிய பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குட்டையைப் பார்த்து நடந்தார்.

அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது ரயில் போய்விட்டது. கேட் திறந்தது. பின்னால் இருந்த வண்டிகளெல்லாம் ஹார்ன் அடித்தன. நான் இறங்கிப் போய் எங்கள் காருக்கு முன்னால் நின்றுகொண்டேன்.